வழி சொல்பவரும் சுமை தூக்குபவரும்

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து, அன்பர்கள் நாற்காலிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்த வேளையில், விருதுநகர்ப் பக்கத்து அம்மையார் ஒருவர் எம்மிடம் வந்தார். பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்காக எட்டு மாதமாகக் கச்சிபௌலியில் மகன் வீட்டில் தங்கியிருப்பவர் அவர்.

“ஐயா, மாதாமாதம் பத்திரிகையில் எழுதுகிறீர்களே, எனக்கு ஒன்று விளக்கிச் சொல்ல வேண்டும். என் மகன் இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து பெட்டியைத் தட்டுகிறான். மூட்டை தூக்குவதில்லை, மண்வெட்டி பிடிப்பதில்லை. ஆனால் போன வாரம் ஓர் இரவு அவனுக்கு வியர்த்ததுபோல், களத்துமேட்டில் அவன் அப்பாவுக்குக்கூட வியர்த்து நான் பார்த்ததில்லை. அப்படி என்ன வேலை அது?”

பின்னால் குழந்தையை ஏந்தி நின்ற மகன் வெட்கத்துடன் சிரித்தார். “கண்ட்ரோல் பிளேன், டேட்டா பிளேன் சமாசாரம், சார். சொன்னால் அம்மாவுக்குப் புரியாது.”

“எட்டு மாதமாக இதையேதான் சொல்கிறான்” என்றார் அம்மையார்.

புரியாது என்று சொல்லி விட்டுவிடத்தக்க விஷயமன்று இது. நம் சங்கத்துக் குடும்பங்களில் எத்தனையோ வீடுகளின் அடுப்பு இந்த இரண்டு சொற்களால் எரிகிறது. ஊரில் இருக்கும் பெற்றோருடன் நாம் பேசும் பேச்சும், அவர்களுக்கு அனுப்பும் பணமும் இந்த ஏற்பாட்டின் மேல்தான் ஓடுகின்றன. ஆகவே இம்மாதப் பகுதியை அந்த அம்மையாரின் கேள்விக்கே ஒதுக்கினோம்.

தபால் இலாகாவிலிருந்து தொடங்குவோம். இரயில் தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவரைப் பார்த்திருப்பவர்கள் நம்மில் பலர் உண்டு. அவர் முன்னால் புறாக்கூண்டு போன்ற அறைகள் கொண்ட ஓர் அலமாரி நிற்கும். கையில் எடுத்த கடிதத்தின் பின்கோடு எண்ணை ஒரு நோட்டம் பார்ப்பார். முதல் எண் 6 என்றால் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரிப் பக்கம். 5 என்றால் ஆந்திரம், தெலுங்கானா, கர்நாடகப் பக்கம். கண் பார்த்தவுடன் கை எறியும். 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் இந்த ஆறு இலக்க முறை நடைமுறைக்கு வந்தது முதல் இவ்வேலை மிக எளிதாயிற்று. கச்சிபௌலிக்கு வரும் கடிதம் 500032 என்ற எண்ணைத் தாங்கி வருகிறது.

ஆனால் எந்த எண்ணுக்கு எந்த அறை, எந்தப் பை எந்த வண்டியில் ஏற வேண்டும், பாலம் உடைந்துவிட்டால் எந்தச் சுற்றுவழி என்பவற்றைப் பிரிப்பவர் தீர்மானிப்பதில்லை. மேலே ஒருவர் நாட்டின் வரைபடத்தையும் வண்டிகளின் அட்டவணையையும் பரப்பி வைத்துக்கொண்டு ஒரு பட்டியல் வகுத்துக் கொடுத்திருக்கிறார். பட்டியல் வகுப்பவர் ஒரு கடிதத்தையும் தொடுவதில்லை. கடிதம் பிரிப்பவர் வரைபடத்தைப் பார்ப்பதில்லை. முன்னதற்கு யோசனை வேண்டும், நேரம் வேண்டும்; பின்னதற்கு வேகம் வேண்டும்.

இணையத்தில் ரூட்டர் என்னும் பெட்டி செய்வது இந்த இரண்டு வேலைகளையும்தான். நாம் ஊருக்கு அனுப்பும் ஒரு புகைப்படம் சிறு சிறு துண்டுகளாக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டும் முகவரி ஒட்டிய உறை போலப் புறப்படுகிறது. இத்துண்டுகளைப் பாக்கெட் என்பர். வழியில் உள்ள ஒவ்வொரு ரூட்டரும் முகவரியைப் பார்த்து அடுத்த கம்பிக்கு எறிகிறது. பெரிய ரூட்டர் ஒன்று வினாடிக்குக் கோடிக்கணக்கான பாக்கெட்டுகளை இவ்வாறு எறியும். இந்த எறியும் பகுதியே டேட்டா பிளேன். சுமைப் பகுதி என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். எந்த முகவரிக்கு எந்தக் கம்பி என்ற பட்டியலை வகுக்கும் பகுதி கண்ட்ரோல் பிளேன். அதை ஆணைப் பகுதி என்போம்.

இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்து வைத்தால் என்ன ஆகும் என்பதை இணையத்துக்கு முன்பே தொலைபேசி உலகம் அறிந்துகொண்டது. அமெரிக்காவில் நெடுந்தூரத் தொலைபேசிக் கம்பி சும்மா இருப்பதைத் தெரிவிக்க 2600 ஹெர்ட்ஸ் அளவுள்ள ஓர் ஒலி அதே கம்பியில் அனுப்பப்பட்டுவந்தது. மனிதர் பேசும் பேச்சும், இயந்திரங்கள் தமக்குள் இடும் ஆணையும் ஒரே கம்பியில் ஓடின. இதை உணர்ந்துகொண்ட சிலர் 1960களிலும் 1970களிலும் அதே சுருதியில் விசிலடித்தும், சிறு கருவிகள் செய்தும், காசில்லாமல் உலகமெங்கும் பேசினார்கள். ஓர் உணவுப் பண்டப் பெட்டிக்குள் குழந்தைகளுக்காக வைத்திருந்த விளையாட்டு ஊதல்கூட இதற்கு உதவிற்று. சுமை போகும் பாதையில் ஆணையும் போனால், சுமை அனுப்புகிறவன் ஆணையிடவும் கற்றுக்கொள்வான் என்பதே அதன் பாடம். 1976 முதல் அங்கே ஆணைகளுக்கென்று தனிக் கம்பி ஏற்பட்டது. பிற்பாடு உலகத் தொலைபேசிகள் யாவும் அந்த முறைக்கு மாறின.

இணையத்தை அமைத்தவர்கள் வேறொரு கவலையோடு தொடங்கினார்கள். ஒரு தலைமை நிலையம் அழிந்தால் எல்லாம் அழிந்துவிடக் கூடாது என்பது அவர்கள் கவலை. எனவே ஒவ்வொரு ரூட்டருக்குள்ளும் கடிதம் பிரிப்பவரையும் பட்டியல் வகுப்பவரையும் சேர்த்தே உட்காரவைத்தார்கள். ஒவ்வொரு பெட்டியும் அண்டைப் பெட்டிகளிடம் விசாரித்துத் தன் பட்டியலைத் தானே எழுதிக்கொள்ளும். ஒரு கம்பி அறுந்தால் செய்தி அக்கம்பக்கம் பரவி, எல்லாரும் வேறு வழி கண்டுகொள்வார்கள். அருமையான ஏற்பாடு. இன்றும் இணையத்தின் பெரும்பகுதி இப்படித்தான் இயங்குகிறது.

ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. முழு வரைபடத்தையும் பார்க்கிறவர் எவரும் இலர். ஒரு வழியில் நெரிசலும் இன்னொரு வழியில் வெறுமையும் இருந்தாலும் சரிசெய்ய ஆள் இல்லை. ஒரு விதியை மாற்ற வேண்டுமானால் ஆயிரம் பெட்டிகளிலும் தனித்தனியே நுழைந்து மாற்ற வேண்டும். ஒரு நிறுவனத்தின் பெட்டியில் அந்த நிறுவனத்தின் ஆபரேட்டிங் சிஸ்டமே ஓடும். பெட்டி வேறு, மூளை வேறு என்று பிரித்து வாங்க இயலாது.

இந்தக் குறையைத் தீர்க்கும் முயற்சியில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் முன்னின்றனர். 2007இல் மார்ட்டின் கசாடோவும் அவருடைய குழுவினரும் ஈத்தேன் என்ற அமைப்பை வெளியிட்டனர்; 2008இல் நிக் மக்கியோன் முதலானோர் ஓப்பன்ஃபுளோ என்ற முறையை முன்வைத்தனர். பட்டியல் வகுப்பவரைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துத் தனிக் கணினியில் அமர்த்துவோம். அவர் முழு வரைபடத்தையும் பார்த்துப் பட்டியல் எழுதிப் பெட்டிகளுக்கு அனுப்பட்டும். பெட்டிகள் எறிவதை மட்டும் செய்யட்டும் என்பது அதன் சாரம். அவ்வாறு எல்லாப் பெட்டிகளுக்கும் மேலே அமர்ந்து ஆணையிடும் மென்பொருளையே அவர்கள் நெட்வொர்க் ஆபரேட்டிங் சிஸ்டம் என்று அழைத்தார்கள். 2013இல் கூகுள் நிறுவனம் தன் தரவு மையங்களை உலகளாவ இணைக்கும் வலையில் இம்முறையைக் கையாண்டதை வெளியிட்டது. பொதுவாக நூற்றுக்கு 30, 40 அளவே பயன்படும் நெடுந்தூரக் கம்பிகளில் பலவற்றை, ஏறத்தாழ நூற்றுக்கு நூறு நிரப்ப முடிந்தது என்று அது தெரிவித்தது.

கச்சிபௌலியில் பெரிய வளாகம் வைத்திருக்கும் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் இத்துறையில் ஒரு காரியம் செய்தது. சோனிக் என்ற நெட்வொர்க் ஆபரேட்டிங் சிஸ்டத்தை 2016இல் யாவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்துவிட்டது. 2022இல் அது லினக்ஸ் ஃபவுண்டேஷன் என்னும் பொது அமைப்பின் பொறுப்புக்குச் சென்றது. இது பெட்டிக்குள்ளேயே செய்யப்பட்ட பாகப்பிரிவினை. பட்டியல் வகுக்கும் மென்பொருள் ஓர் அறையில். பட்டியலைப் பாக்கெட் எறியும் சில்லுக்குள் எழுதும் மென்பொருள் வேறோர் அறையில். நடுவே இருவரும் எழுதிப் படிக்கும் ஒரு பொதுப் பேரேடு. வகுப்பவருக்கு மயக்கம் வந்து அவரை எழுப்பி உட்காரவைக்க நேர்ந்தாலும், எறிகிற சில்லு தன் கையிலுள்ள பட்டியலைக் கொண்டு எறிந்துகொண்டேயிருக்க வழி செய்திருக்கிறார்கள்.

இதுவரை கேட்டவர்கள், “பிரித்தாயிற்று, முழுப்படம் தெரிகிறது, இனி என்ன கவலை?” என்று எண்ணக்கூடும். கவலை அங்கேதான் தொடங்குகிறது. ஆணையிடுபவர் ஓரிடத்திலும் சுமப்பவர் வேறோரிடத்திலும் இருந்தால், ஆணை எந்த வழியாகப் போகும்?

2021 அக்டோபர் 4ஆம் நாளை அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இந்திய நேரம் இரவு 9 மணி கழிந்து சிறிது நேரத்தில் வாட்ஸ்அப் நின்றது. கச்சிபௌலி அடுக்குமாடிகளில் உணவு முடித்து ஊருக்குப் பேச உட்கார்ந்தவர்கள் கையைப் பிசைந்தார்கள். ஊரில் பெற்றோர் பிள்ளைக்கு என்னவோ என்று விழித்திருந்தார்கள். அப்போது ஃபேஸ்புக் என்ற பெயரிலேயே இருந்த நிறுவனம் தானே பின்னர் காரணத்தை வெளியிட்டது. பராமரிப்பின்போது, தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையின் கொள்ளளவைச் சோதிக்கத் தரப்பட்ட ஓர் ஆணை, அந்த வலையையே துண்டித்துவிட்டது. தவறான ஆணைகளைத் தடுக்க வேண்டிய மென்பொருளிலும் ஒரு பிழை இருந்தது. பெயரை முகவரியாக மாற்றித் தரும் அதன் கணினிகளோ, “தரவு மையத்தோடு பேச முடியாவிட்டால் இணையத்திலிருந்து விலகிக்கொள்” என்ற பழைய கட்டளைக்குப் பணிந்து, ஒரே சமயத்தில் விலகிக்கொண்டன. சரிசெய்யப் போன பொறியாளர்களுக்கு வழக்கமான வழி அடைபட்டிருந்தது. அவசரத்துக்கென்று வைத்திருந்த தனி வலையும் அன்று கைகொடுக்கவில்லை. ஆட்கள் நேரே கட்டடங்களுக்குச் சென்று, காவல்களையெல்லாம் கடந்து, பெட்டிகளைத் தொட வேண்டியதாயிற்று. சேவை திரும்ப ஏறத்தாழ ஆறு மணி நேரம் சென்றது.

மறு ஆண்டு இந்தப் பாடம் நம் கனடா வாழ் தமிழர்களின் வாசலுக்கே வந்தது. 2022 ஜூலை 8ஆம் நாள் ராஜர்ஸ் நிறுவனத்தின் வலை முழுவதும் விழுந்து, 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் ஒரு நாளுக்கு மேல் தவித்தார்கள். வலையின் மையத்தை மேம்படுத்தும் வேலையில், வழிச்செய்திகளை வடிகட்டும் ஒரு விதி நீக்கப்பட்டது. வெள்ளமெனப் பாய்ந்த வழிச்செய்திகளைத் தாங்காமல் நடுவண் ரூட்டர்கள் விழுந்தன. பலர் 911 என்ற அவசர எண்ணை அழைத்தும் பயனில்லை. கடைகளில் இண்டராக் அட்டை செல்லவில்லை. பின்னர் வெளியான ஆய்வறிக்கை சொன்ன ஒரு செய்தி நம் கவனத்துக்குரியது: ரூட்டர்களை நிர்வகிக்கும் வலை, அதே ரூட்டர்களின் மேலேயே ஓடிக்கொண்டிருந்தது. வலை விழுந்ததும், விழுந்ததைத் தூக்க வேண்டியவர்களின் கையும் அதனோடு விழுந்தது.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளிலிருந்தும் நாம் அறிவது ஒன்று உண்டு. ஆணையையும் சுமையையும் பிரித்தால் மட்டும் போதாது. ஆணை செல்லும் வழி, சுமை செல்லும் வழியை நம்பியிருக்கக் கூடாது. ஆணை வராத வேளையில் சுமப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதும் முன்கூட்டியே, நல்ல வேளையிலேயே, யோசித்து முடிவாகியிருக்க வேண்டும். 2007இல் வகுக்கப்பட்ட ஓர் இணைய நெறி இதைத்தான் செய்கிறது: ஒரு ரூட்டரின் ஆணைப் பகுதி விழுந்து எழும்போது, குறித்த காலம்வரை அண்டையார் பழைய வழியையே நம்பி அனுப்பிவரலாம். காலக்கெடு வைத்ததும் அறிவுடைமையே. பழைய பட்டியலை என்றென்றும் நம்பினால் பாக்கெட்டுகள் பாழுங்கிணற்றில் விழும்.

இனி அந்த இளைஞர் வியர்த்த கதைக்கு வருவோம். நாம் வற்புறுத்திக் கேட்டபின் சொன்னார். வேறொரு நிறுவனத்துக்காக அதன் கோயம்புத்தூர்க் கிளையிலிருக்கும் ரூட்டரைக் கச்சிபௌலியிலிருந்தே இவர் கவனிக்கிறார். அன்று இரவு ஒரு தடைவிதியை மாற்றினார். விதியில் ஒரு வரி பிறழ்ந்தது. தாம் நுழைந்து வந்த வழியையே அவ்விதி அடைத்துவிட்டது. உட்கார்ந்திருக்கும் கிளையையே வெட்டியவன் கதைதான். கிளையின் கணக்கு முழுவதும் நின்றது. உறங்கிக்கொண்டிருந்த காவலாளியின் எண்ணைத் தேடிப் பிடித்து, அவரை எழுப்பி, பூட்டைத் திறக்கச்செய்து, பெட்டியின் மின்சாரத்தை நிறுத்திப் போடச்சொன்ன பின்பே, பதிவாகாத புது விதி மறைந்து பழைய விதி திரும்பிற்று. இதற்குள் மணி நான்கு.

“இதற்கு மருந்து இருக்கிறது, சார். பத்து நிமிஷத்துக்குள் நான் மறுபடி வந்து சரி என்று சொல்லாவிட்டால், நீயே பழைய நிலைக்குத் திரும்பிவிடு என்று பெட்டிக்கு முதலிலேயே சொல்லிவைக்கலாம். நான் அன்றைக்குச் சொல்லவில்லை. சின்ன மாற்றம்தானே என்று நினைத்துவிட்டேன்.”

அவருக்கு இன்னொரு கவலையும் இருந்தது. முன்பு இருநூறு பெட்டிகளில் ஒவ்வொன்றாக நுழைந்து ஆணை தட்டுவதே அவர் குழுவின் வேலை. இப்போது மேலிருந்து ஒரே மென்பொருள் இருநூற்றுக்கும் ஆணையிடுகிறது. “தட்டுகிறவனுக்கு இனி என்ன வேலை இருக்கும்?” என்று மனைவியிடமும் சொல்லாத கவலையை எம்மிடம் சொன்னார்.

நாம் சோதிடம் சொல்லும் வழக்கமில்லை. தட்டுகிற வேலை குறையத்தான் செய்யும். அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் ஒரு பெட்டியில் செய்த பிழை ஒரு கிளையை நிறுத்திற்று. மேலே இருந்து செய்யும் பிழை இருநூறு கிளைகளையும் நிறுத்தும். ஆகவே ஆணையிடும் முன் ஒத்திகை பார்க்கவும், ஆணை வழி அறுந்தால் மாற்று வழி அமைக்கவும், சுமப்பவருக்கு நிலையான கட்டளை எழுதவும் தெரிந்தவர் வேண்டியிருக்கிறார். அந்த இரவு நான்கு மணிவரை வியர்த்தவருக்கு, அந்த அருமை புத்தகம் படித்தவரைவிட நன்றாகத் தெரியும். நிரல் எழுதவும் கற்றுக்கொண்டு அந்தப் பக்கம் நகருவதே நல்லதென்று எமக்குத் தோன்றிற்று, அவ்வாறே சொன்னோம்.

இவ்வளவும் பேசி முடித்தபோது, அம்மையார் சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பிறகு சொன்னார்:

“எங்கள் அப்பா கண்மாயில் நீர்பாய்ச்சியாக இருந்தவர். எந்த வயலுக்கு என்றைக்குத் தண்ணீர் என்று ஊர்க்கூட்டம் முடிவு செய்யும். மடை திறப்பது அப்பா. மடைக்குப் போக வயல் வழியாகக் குறுக்குப்பாதை உண்டு. ஆனாலும் அப்பா கரைமேல் உள்ள சுற்றுப்பாதையை முள் மண்டவிடாமல் வருஷா வருஷம் வெட்டி வைப்பார். ‘தண்ணீர் ஓடும் வழியாகவே மடைக்குப் போகிறவன், வெள்ளத்தன்றைக்கு மடைக்கு எப்படிப் போவான்?’ என்று கேட்பார். ஊரைக் கேட்க முடியாத இரவில் எந்த அளவு வந்தால் கலுங்குப் பலகையை எடுத்துவிடலாம் என்று கோடை காலத்திலேயே ஊரிடம் சொல் வாங்கி வைத்துக்கொள்வார். இதைத்தானே நீங்கள் இவ்வளவு நேரம் சொன்னீர்கள்?”

இதைத்தான் சொன்னோம். மகன் தாயின் முகத்தைப் பார்த்து நின்றார்; எட்டு மாதமாகப் புரியாது என்று சொல்லிவந்தவர் அவர்தாமே.

நம் வீடுகளுக்கும் இது பொருந்தும். ஊருக்குப் பேசுவது, பணம் அனுப்புவது, சங்கச் செய்தி அறிவது யாவும் ஒரே கைப்பேசியில், பெரும்பாலும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் நடக்கின்றன. அது நின்றுவிட்டது என்பதைத் தெரிவிக்கவும் அதே குழுவைத்தான் நம்பியிருக்கிறோம். ஆகவே இந்த வாரத்துக்குள் மூன்று காரியங்களைச் செய்யுமாறு அன்பர்களை வேண்டுகிறோம். ஊரில் பெற்றோரின் பக்கத்து வீடு, அவர்களுடைய மருத்துவர், இங்குள்ள இரண்டு சங்க அன்பர்கள் ஆகியோரின் தொலைபேசி எண்களைத் தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். வீட்டில் இருவர் கைப்பேசி வைத்திருந்தால், இரண்டும் ஒரே நிறுவனத்தின் இணைப்பாக இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பெற்றோரிடம், “ஒரு நாள் எங்கள் குரல் வராவிட்டால் பதற வேண்டாம், இன்னாரைக் கேளுங்கள், இன்ன நேரம்வரை பொறுங்கள்” என்று, பேச முடிகிற இந்த வேளையிலேயே சொல்லிவையுங்கள்.

கச்சிபௌலி என்ற பெயரில் உள்ள பௌலி என்ற சொல் படிக்கிணற்றைக் குறிக்கும். தண்ணீருக்கு இறங்கிச் செல்லப் படி வெட்டி வைத்தவர்கள் வாழ்ந்த ஊரில்தான் நாமும் வாழ்கிறோம். அடுத்த கூட்டத்துக்கு அம்மையார் வரும்போது, அவர்கள் வீட்டு அலமாரிக் கதவில் தாள் ஒட்டியாயிற்றா என்று முதலில் கேட்கப்போகிறோம்.